படலைக்குப் படலை ஒரு மரதன்

எனக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி, கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரில் பாதிப் பேர் எனக்கு அது இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். போகிற வீட்டில் யாராவது இனிக்க இனிக்க நெல்லிரசம் கரைத்துக்கொண்டு வந்தால் "ஐயோ, எனக்குச் சீனி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். (சொன்ன வாய் காய்வதற்குள் அதே வீட்டில் இரண்டு துண்டு தித்திப்பான தொதல் சாப்பிட்டு மாட்டிக்கொண்டதும் உண்டு.) பதினேழு வயதில் நெல்லிரசத்தோடு எனக்கு ஒரு பகை உண்டானது. அதைச் சொல்ல வேண்டுமென்றால், நான் ஒரு காலத்தில் ஓட்ட வீராங்கனையாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் இப்போதைய உருவத்தைப் பார்த்தவர்கள் தயவுசெய்து சிரிக்காமல் மேலே படிக்கவும்.

நான் படித்தது சண்டிலிப்பாயில், தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பெயர் சொல்ல மாட்டேன். என் மகள் இப்போது அங்கேதான் படிக்கிறாள், அவளுக்கு அங்கே இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. மைதானம் என்று ஒன்று இருந்தது. அதில் பாதி நெருஞ்சி, மீதி பக்கத்து வீட்டு மாடுகள். விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகிப் போய், பதிலுக்கு யாரும் வரவில்லை. அதிபர் நேர அட்டவணையை விரித்துப் பார்த்து, யாருக்கு வெற்றுப் பாடவேளை அதிகம் என்று எண்ணி, விளையாட்டுப் பொறுப்பைக் கணித ஆசிரியர் தில்லையம்பலம் மாஸ்டரின் தலையில் கட்டிவிட்டார்.

தில்லையம்பலம் மாஸ்டர் வாழ்நாளில் பஸ்ஸுக்குக்கூட ஓடியவர் அல்ல. பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் வரும் என்று நிற்கிற மனிதர். விளையாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம் வரும் என்பது மட்டும்தான். ஆனால் பொறுப்பென்று வந்துவிட்டால் விடமாட்டார். கட்டம் போட்ட கடுதாசிகளை வாங்கி, ஓடுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரைபடம் கீறி, ஆசிரியர் அறைச் சுவரில் வரிசையாக ஒட்டிவைத்தார். பார்க்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும்.

என்னை அவர் கண்டுபிடித்த விதம் கொஞ்சம் மானக்கேடானது. நான் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தித்தான் போவேன். மணி அடிக்கிற சத்தம் சந்தியில் வரும்போது காதில் விழும், அங்கிருந்து புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பறப்பேன். ஒருநாள் கேற்றடியில் மாஸ்டர் என்னை மறித்தார்.

"பிள்ளை, இங்கை வா. நீ எத்தினை நாள் பிந்தி வந்திருக்கிறாய் எண்டு தெரியுமோ?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"முப்பத்திநாலு நாள். அதில்லைப் பிரச்சினை. முதல் நாள் சந்தியிலை இருந்து கேற்றுக்கு வர நாலு நிமிசம் எடுத்தனி. இண்டைக்கு மூண்டே கால். ஆரும் பழக்கினவையோ?"

"இல்லை சேர்."

"அப்ப நாளைக்குப் பிந்தாதை. ஐஞ்சரைக்கு மைதானத்துக்கு வா."

(தண்டனை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.)

அன்றிலிருந்து ஐந்து மாதம். விடியப்புறம் நான் முன்னால் ஓட, மாஸ்டர் சைக்கிளில் பின்னால் வருவார். பள்ளிக்கூடத்தின் நிறுத்தற் கடிகாரம் பழுதாகிவிட்டதால் தன் வீட்டுக் குசினியில், அடுப்படிக்கு மேலே மாட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றிச் சைக்கிள் கூடைக்குள் வைத்திருப்பார். ஓடி முடித்ததும் கடுதாசியில் சுற்றிய அவித்த முட்டை ஒன்றைத் தருவார். அவருடைய மனைவி எனக்கென்று அவித்துக் கொடுத்துவிடுவது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மீன், முட்டை என்று மச்சம் எதுவும் தொடமாட்டோம் என்று கேட்டறிந்து அன்றைக்கு மட்டும் அவித்த கடலை வரும். சொந்தப் பிள்ளைக்கே இப்படிப் பார்த்துச் செய்வார்களா தெரியாது. என் வரைபடத்தின் கோடு வாரத்துக்கு வாரம் நகர்ந்தது. அந்தக் கடுதாசியின் ஓரத்தில் மாஸ்டர் முன்கூட்டியே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருந்தார்.

"உந்தப் புள்ளி என்ன சேர்?" என்று கேட்டேன்.

"அதுதான் வலயப் போட்டி. எங்கடை பள்ளிக்கூடத்திலை இருந்து தூர ஓட்டத்துக்கு ஒருத்தரும் உதுவரை போனதில்லை. இந்த வருசந்தான் அனுப்பப்போறம், மரதனிலை முதல் ரெண்டு பேருக்குள்ளை வந்தா நீ போவாய்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் புள்ளியை எப்படியாவது தொட்டுவிட வேண்டும் என்று கோயிலில் நேர்த்திகூட வைத்தேன். அவ்வளவு ஆசை.

இனி என் உறவினர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரதன் பாதை பள்ளிக்கூடத்தில் தொடங்கி, எங்கள் குறுகலான ஒழுங்கையின் நீளத்துக்கும் போய், புகையிலைத் தோட்டங்களைக் கடந்து, வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தியில் திரும்பும். அந்த ஒழுங்கையில்தான் எங்கள் ஆட்கள் முழுப் பேரும் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் முதலாவது பெரியம்மாவின் வீடு, அதாவது அம்மாவின் அக்கா. அடுத்தது அப்பாவின் தங்கச்சி, என் மாமி. அதற்கடுத்தது அம்மாவின் தங்கச்சி, சின்னம்மா. கடைசியில் உழவு இயந்திரம் ஓட்டுகிற இளையதம்பி அண்ணை. அவர் எங்களுக்கு உறவில்லை. ஆனால் எங்கள் கிணற்றை இரண்டு முறை தூர் எடுத்தவர், அதனால் உறவைவிட ஒரு படி மேல்.

நான் ஓடத் தொடங்கிய புதிதில் மாமிதான் பெரிதாகச் சத்தம் போட்டார். "குமர்ப்பிள்ளை கால் தெரிய றோட்டிலை ஓடுறதோ? ஆர் கலியாணம் கட்டுறது?" என்று அப்பாவைப் பிடித்துக் கேட்டார். பிறகு ஒருநாள் காலைப் பிரார்த்தனையில் அதிபர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டிய செய்தி ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தது. அன்று பின்னேரமே மாமி சங்கக் கடையில் நின்று "எங்கடை பிள்ளை ஓட்டத்திலை விண்ணி" என்று கதைத்துக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்.

பெரியம்மாவோடு மட்டும் எங்களுக்குக் கதை பேச்சு இல்லை. மூன்று வருடமாக இல்லை. காரணம் நான் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டு ஆல்பம். பெரியம்மா எனக்கு ஆலாத்தி எடுத்த படம் அதில் வரவில்லை. படப்பிடிப்பாளர் அந்த நேரம் சாப்பிடப் போய்விட்டார் என்பது எங்கள் கட்சி. தங்கச்சி வேண்டுமென்றே எடுப்பித்தாள் என்பது பெரியம்மாவின் கட்சி. (எடுப்பித்தாள் என்றால் ஆல்பத்திலிருந்து எடுப்பித்தாள் என்று அர்த்தம்.) அதிலிருந்து அம்மாவும் அவரும் கோயிலில் ஒருவரையொருவர் கண்டால் சாமியை மட்டும் பார்ப்பார்கள்.

மரதன் அன்று விடிய அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டே அறிவுரை சொன்னார்.

"மாமி ஏதும் குடிக்கத் தந்தா வாங்கிக் குடி. மாமியட்டைக் குடிச்சா சின்னம்மாட்டையும் குடிக்கவேணும், சொல்லிப்போட்டன். ஒரு வீட்டிலை குடிச்சு மற்ற வீட்டிலை குடிக்காட்டிப் பேந்து உந்தக் கதையை நான்தான் ஆயுளுக்கும் கேக்கவேணும்."

"பெரியம்மா வீட்டடியிலை?"

"மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு ஓடு."

பள்ளிக்கூட வாசலில் மாஸ்டர் வேறு அறிவுரை வைத்திருந்தார். "பிள்ளை, வழியிலை ஆர் என்ன தந்தாலும் விழுங்காதை. வாயிலை விட்டுக் கொப்புளிச்சுத் துப்பு. காணும்."

"ஓம் சேர்" என்றேன். ஓம் என்று சொல்வதில் எனக்கு எப்போதும் பிரச்சினை இருந்ததில்லை. அதுதான் என் பிரச்சினை என்று பிறகு விளங்கியது.

விசில் ஊதியது. பதினாலு பேர் ஓடினோம். அரை மைல் போவதற்குள் நான் முன்னால் வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் சாந்தினி, என் வகுப்பு, வாயே திறக்காத அமைதியான பிள்ளை. அவளுக்கும் பின்னால் மற்றவர்கள். மாமியின் மகன் சுதன் மச்சான் கனடாவிலிருந்து வந்த புதுப் போனைக் கையில் பிடித்து, மற்றக் கையால் சைக்கிள் ஓட்டிக்கொண்டு என்னைப் படம் எடுத்தபடி வந்தான். எனக்கு அப்போதே பத்திரிகையில் படம் வந்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு.

பெரியம்மா வீட்டு வாசல் படலையைக் கடந்தேன். அவர் வெளியே நின்றார். கைகள் வெறுமையாக இருந்தன. நான் அந்தப் பக்கத்து மதிலைப் பார்த்துக்கொண்டு ஓடினேன், அவர் இந்தப் பக்கத்து முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த படலையில் மாமி. கையில் மூக்குப்பேணி நிறைய மோர். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் வெட்டிப் போட்டது. மூக்குப்பேணியை வாயில் வைத்துக் குடிக்க முடியாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஓடிக்கொண்டு அண்ணாந்து குடித்தால் மோர் மூக்குக்குள் போகும். ஆகவே நின்றேன். மாஸ்டர் சொன்னதுபோல் கொப்புளித்துத் துப்பத்தான் நினைத்தேன். ஆனால் மாமி விடிய எழும்பிக் கடைந்த மோரை மாமியின் முகத்துக்கு நேரே எப்படித் துப்புவது? எங்கள் ஒழுங்கையில் அப்படிச் செய்துவிட்டு யாரும் உயிரோடு இருந்ததில்லை.

"அடிமட்டும் குடி மேனை. களைப்புப் போகும்."

அடிமட்டும் குடித்தேன்.

சின்னம்மா அதைத் தன் படலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பெரிய பிளாஸ்ரிக் ஜக்கில் குளுக்கோஸ் தண்ணியோடு றோட்டுக்கே வந்துவிட்டார்.

"சின்னம்மா, நேரம் போகுது..."

"மாமியின்ரை மோர் மட்டுமோ உனக்கு உள்ளுக்கை இறங்கும்?"

குடித்தேன். அதற்கடுத்து இளையதம்பி அண்ணை இளநீரைச் சீவித் தயாராக வைத்திருந்தார். இளநீரில் ஒரு சிக்கல், அதைப் பாதியில் கீழே வைக்க முடியாது. "நான் சொந்தக்காரன் இல்லைத்தானே, அதுதான் யோசிக்கிறாய்" என்று அவர் ஒரு பெருமூச்சு விட்டார். முழுவதையும் குடித்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு புகையிலைத் தோட்டங்களின் வளைவில் திரும்பிப் பார்த்தபோது சாந்தினி இருநூறு மீற்றர் பின்னால்தான் வந்துகொண்டிருந்தாள். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது. சந்தியில் ஓர் ஆசிரியர் நின்று, வந்தவர்களின் கையில் அடையாளத்துக்கு றப்பர் வளையம் மாட்டிவிட்டார். (குறுக்கு ஒழுங்கையால் பாதியில் திரும்பி வருகிறவர்களைப் பிடிப்பதற்கு.) வளையம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வயிற்றுக்குள் குடம் தளும்புகிற சத்தம் கேட்டது.

ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. போன பாதையால்தான் திரும்பி வர வேண்டும்.

நான் போய் வந்த அந்த இருபது நிமிடத்துக்குள் ஒழுங்கையில் போன்கள் ஓயவில்லை. யார் என்ன கொடுத்தார்கள், பிள்ளை எதை விரும்பிக் குடித்தாள் என்றெல்லாம் விசாரணை நடந்திருக்கிறது. இளையதம்பி அண்ணை இரண்டாவது இளநீரோடு நின்றார். "முதல் தந்ததிலை வழுக்கல் இல்லை, மனம் கேக்கேல்லை. இதிலை இருக்கு" என்று மட்டையில் செதுக்கிய கரண்டியையும் நீட்டினார். வழுக்கல் சாப்பிட்டுக்கொண்டு மரதன் ஓடியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குளுக்கோஸ் மோரைவிடக் குறைந்தது என்று மாமி சொன்னதாகக் கேள்விப்பட்டு, சின்னம்மா நெல்லிரசத்துக்கு ஏறியிருந்தார். சின்னம்மா நெல்லிரசம் கொடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு மாமியும் நெல்லிரசத்துக்கு ஏறியிருந்தார். மாமியுடையது இரண்டு மடங்கு தடிப்பம். காய்ச்சிய சீனிப்பாணி மாதிரி இறங்கியது.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒலிபெருக்கி முழங்குவது இங்கே கேட்டது. "பச்சை இல்லத்தைச் சேர்ந்த வதனி முன்னணியில் வந்துகொண்டிருக்கிறார்!" அந்த வதனி நான்தான். இன்னும் அரை மைல்கூட இல்லை. சாந்தினியின் காலடிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இல்லை. சிவப்புப் புள்ளி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, மாமியின் மோரும் சின்னம்மாவின் நெல்லிரசமும் என் வயிற்றுக்குள் சந்தித்துக்கொண்டன. வெளியிலே கதைக்காத கோபத்தையெல்லாம் உள்ளே கதைத்துத் தீர்த்தார்கள் போலிருக்கிறது.

விபரம் வேண்டாம். இன்னும் நூறு அடி ஓடினால் நான் இந்த ஊரை விட்டே போக வேண்டிவரும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. எதிரே திறந்து கிடந்த ஒரே படலை பெரியம்மாவுடையது. அவர் அதே இடத்தில் அதே முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன முதல் சொல் இதுதான்:

"பெரியம்மா, கக்கூஸ்!"

பெரியம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பின்னுக்கு ஓடு! வாளியிலை தண்ணி கிடக்கு!"

ஓடினேன். அன்றைக்கு நான் ஓடியதில் அதுதான் என் அதிவேகம். அதை மாஸ்டர் அளக்காமல் விட்டது வருத்தம்தான்.

உள்ளே இருந்தபடி ஒழுங்கையால் போகிற காலடிச் சத்தத்தைக் கேட்டேன். சாந்தினி போனாள், அவளுடைய சீரான காலடி எனக்குத் தெரியும். அழுகை வந்துவிட்டது. பகிடியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அழுதேன். ஐந்து மாதத்து முட்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. அப்போது படலையில் சைக்கிள் பிறேக் போடுகிற சத்தம் கேட்டது.

"பிள்ளை எங்கை?" மாஸ்டரின் குரல்.

"சாமியறையிலை நிக்கிறாள்" என்றார் பெரியம்மா. என் மானத்தைக் காக்க அவர் சொன்ன பொய்.

"சாமியறையிலையோ? போட்டிக்கு நடுவிலையோ?"

சுதன் மச்சான் அங்கேயேதான் நின்றான், போனும் கையுமாக. "சாமியறை இல்லை சேர். மற்ற அறை" என்றான். அவனுக்கு நான் இன்றுவரை மன்னிப்புக் கொடுக்கவில்லை.

மாஸ்டர் சைக்கிளை மதிலில் சாத்தினார். பிறகு கணித ஆசிரியராகத் தன்னால் செய்ய முடிந்ததைச் செய்தார். வளவுக்குள் வந்து, கிணற்றடியில் நின்று, குசினி மணிக்கூட்டைப் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கணக்குச் சொல்லத் தொடங்கினார்.

"பிள்ளை! ஒராள்தான் போயிருக்கு! இப்ப வந்தா ரெண்டாவது! வலயத்துக்குப் போகலாம்!"

இன்னும் இரண்டு பேரின் காலடி ஒழுங்கையால் போனது.

"பிள்ளை, இப்ப வந்தா நாலாவது! இல்லத்துக்குப் புள்ளியாவது கிடைக்கும்!"

ஒழுங்கையில் ஆட்கள் சேருகிற சத்தம் கேட்டது. மாமியின் குரல், சின்னம்மாவின் குரல், இளையதம்பி அண்ணையின் உழவு இயந்திரம்கூட வந்து நின்றது. தூரத்தில் ஒலிபெருக்கி, "முன்னணியில் வந்துகொண்டிருந்த வதனி... தற்போது... வீதியில் இல்லை என அறியக்கிடக்கிறது" என்றது.

"இப்ப வந்தா எட்டாவது!" மாஸ்டரின் குரல் இறங்கியிருந்தது. கடைசியில், ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

"சரி பிள்ளை. இனி அவசரமில்லை. ஆறுதலா இருந்திட்டு வா."

நான் வெளியே வந்தபோது முற்றத்தில் ஓர் ஊர்க்கூட்டம் நின்றது. அதன் நடுவில் அம்மா. பிள்ளை தோற்றுக்கொண்டிருக்கிறாள் என்ற செய்திக்கு அவர் அசையவில்லையாம். பிள்ளை பெரியம்மா வீட்டுக்குள் போய்விட்டாள் என்ற செய்தி வந்ததும்தான் முடிவிடத்தில் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். அக்காவும் தங்கச்சியும் மூன்று வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேர் நின்றார்கள்.

"என்னக்கா குடுத்தனீங்கள் என்ரை பிள்ளைக்கு?"

"நான் ஒண்டும் குடுக்கேல்லை. குடுத்ததெல்லாம் மற்ற வீட்டுக்காரர். நான் இடம் மட்டும்தான் குடுத்தனான்."

பிறகு ஆல்பம் வெளியே வந்தது, ஆலாத்தி வந்தது, சாப்பிடப்போன படப்பிடிப்பாளர் வந்தார். நான் முகம் துடைக்கத் துவாய் தேடிக் குசினிக்குள் போனேன். மேசையில் ஒரு ஜக், தட்டால் மூடியபடி. திறந்து பார்த்தேன். எலுமிச்சை மணத்தோடு தேசிக்காய்த் தண்ணி. பக்கத்தில் கழுவித் துடைத்த ஒரேயொரு கிளாஸ். பின்னால் வந்த அம்மாவும் அதைக் கண்டுவிட்டார்.

"இதார்க்கக்கா கரைச்சு வைச்சனீங்கள்?"

"ஆருக்கோ" என்றார் பெரியம்மா, குசினி யன்னலால் முருங்கையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா கிளாஸில் ஊற்றினார். நான் பயத்தில் இரண்டடி பின்னால் போனேன். ஆனால் அதைக் குடித்தது அம்மாதான். அண்ணாந்து, அடிமட்டும் குடித்தார். குடித்து முடித்துச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைக்கிற சாட்டில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

நான் மிச்சத்தை ஓடி முடித்தேன். பதினாலு பேரில் பதின்மூன்றாவது. பதினாலாவது பிள்ளைக்குக் கால் சுளுக்கியிருந்தது.

அடுத்த நாள் ஆசிரியர் அறைப் பக்கம் போகவே கால் கூசியது. மாஸ்டர் என் வரைபடத்துக்குப் பக்கத்தில் மரதன் ஓட்டத்தைத் தனியாகக் கீறி ஒட்டியிருந்தார். அழகாக ஏறிப்போன கோடு ஓரிடத்தில் படுத்துப் பதினொரு நிமிடத்துக்குத் தட்டையாகப் போயிருந்தது. பக்கத்தில் பென்சிலால் சின்னதாக 'வேகம் = 0'. (மற்ற ஆசிரியர்கள் அந்த வாரம் முழுக்க அதை வந்து வந்து பார்த்தார்களாம்.)

"சேர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"உன்ரை பிழை இல்லைப் பிள்ளை. நான் ஓடத்தான் பழக்கினன். 'வேண்டாம் மாமி' எண்டு சொல்லப் பழக்கேல்லை" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுக் கடுதாசியில் சுற்றிய முட்டையை நீட்டினார். அந்த முட்டை ஏன் அப்படி அழ வைத்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

சொன்னதோடு விடவும் இல்லை. அதற்குப் பிறகு நான் ஓடும்போது அவர் பாதையோரத்தில் ஒரு கிளாஸ் தண்ணியோடு நிற்பார், நான் "வேண்டாம் சேர்" என்று சொல்லிக்கொண்டு கடக்க வேண்டும். முதல் மூன்று நாளும் வாங்கிக் குடித்தேன். அடுத்த வருடம் மரதனில் இரண்டாவதாக வந்து வலயப் போட்டிக்குப் போனேன். அங்கே என்னை முந்தாதவர்களை எண்ணுவது சுலபம். ஆனாலும் மாஸ்டர் அந்தச் சிவப்புப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் சாதனையாளர் பலகை ஒன்று இருக்கிறது. அதில் என் பெயர் இல்லை. ஆனால் என்னால் ஒரு சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மரதன் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள்: "பாதையில் உள்ள வீடுகளின் படலைகளில் நின்று ஓட்ட வீரர்களுக்கு எந்தவிதப் பானமும் வழங்குதல் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது." வாசித்து முடிந்ததும் ஊரே திரும்பி என்னைப் பார்க்கும். எங்கள் குடும்பத்தில் யார் குளியலறைக்குள் போய்ப் பிந்தினாலும் வெளியிலிருந்து "இனி அவசரமில்லை, ஆறுதலா இருந்திட்டு வா" என்று ஒரு குரல் வரும். சுதன் மச்சானின் அந்தப் படம் வருடம் தவறாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் ஏறும். என் கலியாணத்தன்றுகூட அது பந்தலுக்குள் போன் போனாகச் சுற்றியது. பிழை மோரிலா நெல்லிரசத்திலா என்ற வழக்கு மாமிக்கும் சின்னம்மாவுக்கும் இடையில் இன்னும் நடக்கிறது.

இந்த வருடம் என் மகள் ஆரணி ஓடினாள். நான் சுதன் மச்சானின் மோட்டார் சைக்கிளில் ஏறி அவளுக்குப் பின்னால் போனேன். ஒழுங்கைக்குள் திரும்பியதும் சுதன் மச்சானின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பெரியம்மா, மாமி, சின்னம்மா, இளையதம்பி அண்ணை, நாலு பேரும் தங்கள் தங்கள் படலையில் நின்றார்கள். நாலு பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள், கையில் ஒன்றும் இல்லை என்று. பொலிஸில் சரணடைகிறவர்கள் மாதிரி. ஆரணி சிரித்துக்கொண்டே அவர்களைக் கடந்து போனாள், வரும்போதும் கடந்து வந்தாள். இரண்டாவதாக முடிவுக் கோட்டைத் தொட்டாள். தொட்டதும் புல்லில் உட்கார்ந்து, "அம்மா, தண்ணி" என்றாள்.

அந்த ஒரு சொல்தான். பந்தலுக்குப் பின்னாலிருந்து ஜக், செம்பு, இளநீர், மூக்குப்பேணி எல்லாம் மைதானத்துக்குள் பாய்ந்தன. குறுக்கு ஒழுங்கையால் ஓட்டோ பிடித்து எங்களுக்கு முன்னமே வந்துவிட்டிருக்கிறார்கள். மாணவ தலைவர்கள் மறித்தபோது சின்னம்மா, "தம்பி, சட்டத்திலை படலை எண்டுதான் கிடக்கு. மைதானம் எண்டு எங்கை கிடக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார். முழங்கால் நோவென்று பத்து வருடமாகக் கோயில் வீதி சுற்றாத மாமிதான் முதலாவதாக வந்தார். ஓய்வுபெற்ற தில்லையம்பலம் மாஸ்டர், விருந்தினர் கதிரையில் இருந்தபடியே, கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார்.

மாமி ஆரணிக்கு ஒரு கிளாஸைக் கொடுத்துவிட்டு, மற்றதை என் பக்கம் நீட்டினார். நெல்லிரசம்.

"ஐயோ மாமி, எனக்குச் சீனி..."

"தெரியும் மேனை. அதுதான் உனக்கெண்டு சீனி போடாமல் வேறையாக் கரைச்சனான்."

கிளாஸைப் பார்த்தேன். மாமியைப் பார்த்தேன். தூரத்தில் மாஸ்டர் என்னைப் பார்த்துக்கொண்டு, 'வேண்டாம் சொல்லு, வேண்டாம் சொல்லு' என்று இரண்டு கையையும் ஆட்டுவது தெரிந்தது.

வாங்கி, அடிமட்டும் குடித்தேன்.